பலகையில் ஏறாத பெயர்

1883இல் கொல்கத்தாவில் ஒரு நாடகக் கொட்டகை எழும்பியது. அது தன் பெயரின் முதலெழுத்தோடு 'பி தியேட்டர்' என்று அழைக்கப்படும் என நடிகை பினோதினி தாசி நம்பியிருந்தார். அப்படித்தான் குழுவினர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். கொட்டகைக்குப் பணம் போட்டவர் குர்முக் ராய் என்ற செல்வர். அவருடைய ஆசைநாயகியாக இருக்கப் பினோதினி சம்மதித்ததால்தான் அந்தப் பணம் வந்தது. ஆனால் பதிவு முடிந்தபோது பெயர் 'ஸ்டார்' என்றாகியிருந்தது. மூன்று, நான்கு ஆண்டுகளில் இருபத்துச் சொச்சம் வயதிலேயே அவர் மேடையை விட்டு விலகினார். 1912இல் 'என் கதை' என்று தன் வாழ்க்கையைத் தானே எழுதினார்.

அந்த வாழ்க்கை பிறகு ஜாத்ராவாக, நாடகமாக, சினிமாவாகத் திரும்பத் திரும்ப வந்தது. நாயகி விளக்கொளியில் பாடி ஆடுகிறாள், கடைசியில் அழுகிறாள், நாமும் அழுகிறோம். இவ்வகை நாடகங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இறந்துபோன ஒரு மேடைக் கலைஞியின் முகத்தையும் குரலையும் பெயரையும் எடுத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு இருக்கிறது?

அமெரிக்கர்கள் இந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். பாட்டு, ஆட்டம், நகைச்சுவை எல்லாம் கலந்த 'வாடவில்' மேடையில் வளர்ந்த மார்க்ஸ் சகோதரர்களின் தோற்றத்தையும் பாணியையும் அப்படியே எடுத்தாண்டு ஓர் இசைநாடகம் 1980இல் பிராட்வேக்கு வந்தது. உரிமை வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1981இல் வென்றார்கள், அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் தோற்றார்கள். பின்னர் கலிபோர்னியா மாநிலம், இறந்தவரின் முகத்தையும் பெயரையும் வாரிசுச் சொத்தாக்கிச் சட்டமே இயற்றியது.

வாரிசுக்குக் கொடுத்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடுமா? 1959இல் வந்த 'ஜிப்சி' இசைநாடகத்தைப் பாருங்கள். அக்கா ஜிப்சி ரோஸ் லீயின் நினைவுக்குறிப்பிலிருந்து பிறந்தது அது. அதே மேடையில் குழந்தை நட்சத்திரமாக உழைத்த தங்கை ஜூன் ஹேவக்குக்கு, அதில் தான் வரையப்பட்ட விதம் பிடிக்கவில்லை. அதே ஆண்டு அவர் தன் பங்கைத் தனிப் புத்தகமாக எழுதினார். ஒரே வீடு, ஒரே மேடை, இரண்டு கதைகள். உலகம் இன்றுவரை பாடிக்கொண்டிருப்பது அதில் ஒன்றைத்தான்.

நம் ஊரில் சட்டம் வேறு பக்கம் நிற்கிறது. ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்திய ஒரு படத்துக்கு 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 'தலைவி' படத்தை எதிர்த்து ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடும், வாரிசுக்கு இறங்காது என்று அதே நீதிமன்றம் 2021இல் சொன்னது.

இந்தத் தீர்ப்பில் எனக்குப் பாதி நிம்மதி. நாடகக்காரிகளின் வாழ்க்கைக்குக் குடும்பத்தைக் காவல் வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பாட்டி மேடையில் ஆடியதை மறைத்த வீடுகள் எத்தனை! படத்தைப் பரணில் போட்டு, சாதியை மாற்றிச் சொல்லி, 'பக்திப் பாடகி' என்று மட்டும் மிச்சம் வைத்தவர்கள் உண்டு. அவர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்கி எழுதப்படும் நாடகம் அவர்கள் விரும்புவதைத்தான் சொல்லும்.

மீதிப் பாதி நிம்மதியின்மை. காவலே இல்லாத இடத்தில் சந்தை நுழைகிறது. கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். யார் அவர் கதையைச் சொன்னாலும் எஸ்.ஜி. கிட்டப்பா மீதான காதல், 1933இல் அவர் மறைவு, பிறகு வெள்ளைப் புடவை என்றுதான் சொல்கிறார்கள். கிட்டப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள்கூட இன்று யாரும் படிக்கும் பொதுப்பொருள். ஆனால் 1935இல் வந்த 'நந்தனா'ருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பேசி வாங்கிய பெண், ஆண் வேடத்தில் படம் முழுக்கப் பாடி நின்ற பெண், அந்தக் கதையில் ஓர் ஓரத்தில்தான் வருகிறார். விதவைக் கோலம் விற்கிறது. கூலி பேசிய சாமர்த்தியம் விற்பதில்லை.

ஆகவே அனுமதி யாரிடம் வாங்குவது என்பதல்ல என் கவலை. அவள் தன்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறாள், அதைக் கேட்டார்களா என்பதே. தன் குரு கிரீஷ் சந்திர கோஷ் எழுதித் தந்த முன்னுரையில் உண்மை முழுதாக இல்லை என்று மனம் ஒப்பாதவர் பினோதினி. அப்படிப்பட்டவரை மேடையேற்றுகிறவர்கள் அந்தக் கறாரில் கொஞ்சமாவது காட்ட வேண்டாமா? அவள் உழைப்பு, ஊதியம், ஒப்பந்தம், ஏமாற்றம் எல்லாம் காதலுக்குச் சமமாக மேடையில் இடம்பெற வேண்டும். இடம்பெறாத நாடகத்தை, பாட்டு எவ்வளவு இனித்தாலும், நான் நல்ல நாடகம் என்று சொல்லமாட்டேன்.

2024 டிசம்பரில் ஸ்டார் தியேட்டருக்குப் பினோதினி பெயர் சூட்டினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அது ஹாத்திபாகானில் இருக்கும் பிந்தைய கட்டடம். பினோதினி தன்னைப் பணயம் வைத்து எழுப்பியது பீடன் தெருவிலிருந்த பழைய கொட்டகை. புதியது திறக்கும் முன்பே அவர் மேடையை விட்டுப் போயிருந்தார். நூற்று நாற்பது ஆண்டு கழித்து வந்த பெயரும் அவர் ஆடாத மேடைக்குத்தான் வந்தது.

செத்தவர்களுக்குச் செய்யும் நியாயம் எப்போதும் இப்படி இடம் தவறித்தான் விழும். இருப்பவர்களுக்குச் செய்யலாம். எங்கள் ஐயங்கார்குளத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை குருகுலம் நடத்தியது. ஆண்களே பெண் வேடமும் கட்டிய கூத்தில், பெண்பிள்ளைகள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ராஜாவாக ஆடினார்கள். 1994இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துக் கலைஞருக்கென உரிமை சேர்ந்தது. தன் நிகழ்ச்சியில் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை 2012இல் சேர்ந்தது. விடிய விடிய ஆடும் ஒரு பெண்ணை யாரோ செல்பேசியில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பும்போது, அவள் பெயரும் கூடவே போகிறதா? கூத்து நோட்டீசில் அவள் பெயர் எந்த வரியில் இருக்கிறது? பேசிய பணம் அவள் கைக்கு வருகிறதா? நூறு வருடம் கழித்து அவளைப் பற்றி ஓர் இசைநாடகம் போடப்போகிறவர்களுக்காக இதையெல்லாம் இப்போதே எழுதி வைக்கவேண்டும். அவளே எழுதினால் இன்னும் நல்லது.