வாரிசுரிமையில் கழிக்கப்பட்ட தோல்

உறைவிடக் கல்லூரியை ஒரு பிரதியாக வாசிக்கலாம். நிறுவனர் நாள், விடுதி நாள், ஆண்டு மலர், சீனியர் சொல்லி ஜூனியர் கேட்கும் கதைகள் - இவற்றின் வழியாகத்தான் அங்கே தங்கிப் படிப்பவர் ஒரு 'பாரம்பரிய'த்துக்கு வாரிசாக்கப்படுகிறார். இந்த வாரிசுரிமையில் எது சேர்க்கப்படுகிறது, எது கழிக்கப்படுகிறது என்பதே கேள்வி.

வேலூர் - ஆம்பூர் பகுதியில் இந்தப் பிரதியின் பின்னால் தோல் வணிகம் இருக்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கியது. உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமை 1924இல் நிறுவிய காக்கா முகமது உமர் ஒரு தோல் வணிகர். நவீனக் கல்வியில் பின்தங்கியிருந்த ஒரு சமூகம் தன் கைக்காசைப் போட்டுத் தானே கட்டிக்கொண்டவை இவை. உமராபாத்தில் பல மாநிலப் பிள்ளைகள் தங்கி அரபியும் உருதுவும் படிக்கிறார்கள். நமது தமிழ்த்துறைகள் போடும் மரபுக் கணக்கில் இந்த உருது வராது. எம்.ஏ. தமிழ் முடித்த எனக்கு வகுப்பில் இதைப்பற்றி ஒரு வரி கூட யாரும் சொன்னதில்லை.

விலக்கப்பட்ட மரபை மீட்பது அவசியம். மீட்ட மரபுக்குள்ளும் யார் இல்லை என்று கேட்பது அதைவிட அவசியம். நான் வாசித்த விடுதி மலர்களில் கொடையாளர் உண்டு, ஆசான் உண்டு, கவிதை உண்டு. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிய தலித்தும் ஏழை முஸ்லிமும் இல்லை. விடிகாலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறும் பெண்ணும் இல்லை. காசு மரபாச்சு, உழைப்பு நாத்தமாச்சு.

புதிய வளாகங்களின் கதை வேறு. 1984இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வி.ஐ.டி.யின் கலைவிழாவுக்கு 'ரிவியேரா' என்று பெயர். மத்தியதரைக் கடற்கரையின் பெயர். மாவட்டத்தில் கிடப்பதோ பாலாறு. தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக ஓர் ஆய்வு சொன்னதை உச்சநீதிமன்றம் தன் 1996 தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு அது. இன்று இந்தியா முழுக்கச் சட்ட மாணவருக்கு வேலூர் ஒரு வழக்கின் பெயர். வேலூரில் தங்கிப் படிப்பவருக்கு?

இப்படிப் பேசுவதில் ஒரு ஆபத்து உண்டு. தோல் என்றதும் 'முஸ்லிம் முதலாளி' என்று வகுப்புவாதி ஆரம்பித்துவிடுவான். தோல் மூலதனத்துக்கு ஒரே மதமில்லை. செருப்பை வாங்குகிற ஐரோப்பியச் சந்தைக்கும் இதில் பங்குண்டு. அதற்காக நாம் வாயை மூடிக்கொண்டால், உழைப்பைப் பற்றிய பேச்சையும் அவனிடமே விட்டதாகிவிடும்.

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலைக்குள் சேறு பாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். விடுதி மாணவர்களைப் போலவே ஊரைவிட்டு வந்து, வந்த இடத்திலேயே படுத்துறங்கியவர்கள். அவர்களுடையதும் உறைவிடம்தான், அதற்கு மலர் கிடையாது.

டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைத் 'தோல்' நாவலாக்கினார். 2012இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. நாவலுக்குள் நுழைந்துவிட்ட அந்த மனிதர்கள் பாலாற்றங்கரை விடுதி மலருக்குள் நுழைய என்ன தடை? அங்கே படித்துக்கொண்டே எழுதுகிறவர்கள்தான் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.