அடிக்கிற கையும் அதற்குப் பின்னால் நிற்கிற கையும்

தலித் எழுத்துகளுக்கு வருகிற மதிப்புரைகளில் ஒரு விஷயம் மட்டும் தொடர்ந்து தப்பித்துக்கொண்டே வருகிறது. அப்பன் ஆத்தா கையால் பிள்ளை வாங்குகிற அடிதான் அது. ஊர்க்காரன் அடித்தது, போலீஸ் அடித்தது, வாத்தியார் அடித்தது என்று எல்லாவற்றையும் பட்டியல் போடுகிற விமர்சகர்கள் இந்த இடம் வந்ததும் ரெண்டு வழியில் ஏதாவது ஒன்றில் நழுவிவிடுகிறார்கள். ஒரு தரப்பு 'சேரி வாழ்வின் முரட்டுத்தனம் அப்படியே பதிவாகியிருக்கிறது' என்று எழுதும். இது மூக்கைப் பிடித்துக்கொண்டு ரசிக்கிற உயர்சாதி ரசனை. இன்னொரு தரப்பு நம்ம ஆளுங்க. 'அது பாசத்துல அடிச்ச அடிங்க, அதப் போயி பெருசு பண்ணாதீங்க' என்பார்கள். முதல் தரப்பு அடித்தவரைக் காட்டுமிராண்டி ஆக்குகிறது. இரண்டாவது தரப்பு அடித்தவரைத் தெய்வம் ஆக்குகிறது. அடிபட்ட பிள்ளையின் முதுகை ரெண்டு பேருமே பார்ப்பதில்லை.

அந்த முதுகின் பக்கமிருந்து வாசித்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பாமாவின் 'சங்கதி' (1994) நூலில் மாரியம்மா என்றொரு இளம்பெண் வருகிறாள். விறகு பொறுக்கப் போன இடத்தில் தண்ணீர் குடிக்கப் பம்புசெட்டுப் பக்கம் போனவளை முதலாளி கையைப் பிடித்து இழுக்கிறான். உதறிவிட்டு ஓடிவிடுகிறாள். தன் பேர் கெட்டுவிடும் என்று பயந்த முதலாளி முந்திக்கொள்கிறான். அவளும் ஒரு பையனும் தப்பாக நடந்ததைப் பார்த்தேன் என்று நம் தெரு நாட்டாமையிடமே கதை கட்டிவிடுகிறான். பஞ்சாயத்து கூடுகிறது. பெண்கள் வாய் திறந்தால் அதட்டி அடக்குகிறார்கள். பையனுக்குப் போட்டதைவிட அவளுக்கு அபராதம் கூடுதல். பெற்ற அப்பனே மகளை அடிக்கிறான்.

அடித்தது அப்பன் கை. அந்தக் கையைத் தூக்கிவிட்டது முதலாளியின் பொய். முதலாளி அந்த இடத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஆதிக்கம் தன் வேலையை நம் கையாலேயே செய்துகொள்கிறது. அந்த அப்பனுக்கு முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. பேசினால் மறுநாள் வேலை கிடையாது. பேச முடியாத அந்த வாய்தான் மகளிடம் கையாக மாறுகிறது.

இதே காட்சியை 'சங்கதி'க்கு ஏறக்குறைய அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கறுப்பர் எழுதியிருக்கிறார். ரிச்சர்ட் ரைட் 1937இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஆர்கன்சாவில் தன் சின்ன வயதில் நடந்ததைச் சொல்கிறார். வெள்ளைப் பையன்களோடு நடந்த சண்டையில் உடைந்த பாட்டில் பட்டுக் கழுத்தில் தையல் போட்டுக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறான் பையன். வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை முடித்து அம்மா வருகிறாள். தேற்றுவாள் என்று பார்த்தால், பீப்பாய்ப் பலகையை எடுத்துக் காய்ச்சல் வருகிற அளவுக்கு அடிக்கிறாள். வெள்ளையரோடு இனி ஒருபோதும் மல்லுக்கு நிற்கக் கூடாது என்பது ஒவ்வொரு அடியோடும் சொல்லப்படுகிற பாடம். பையன் சாகாமல் இருக்க வேண்டும் என்பது அவள் கவலை. அந்தக் காலத்தில் அங்கே வெள்ளைக் கும்பல் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் பையனின் முதுகில் எழுதப்பட்டது வெள்ளையனின் சட்டம்தான்.

மாரியம்மாவின் அப்பனையும் இந்தத் தாயையும் நான் ஒன்றாக்கவில்லை. ஒருத்தர் மானத்துக்காக அடிக்கிறார், இன்னொருத்தர் உயிருக்காக அடிக்கிறார். ரெண்டு இடத்திலும் அடி போய்ச் சேருகிற விலாசம் மட்டும் ஒன்று.

எங்கள் தெருவிலும் இதைப் பார்த்திருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். எட்டாவது படிக்கும்போது ஊர்த்தெரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன் என்று யாரோ வந்து சொல்ல, எங்கம்மா தென்னமட்டையால் வெளுத்தாள். 'ஒக்காருவியா? இனிமே ஒக்காருவியா?' இது ஒன்றுதான் கேள்வி. உட்கார்ந்தால் என்ன என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. ராத்திரி மஞ்சள் அரைத்துப் போட்டவளும் அவள்தான். மஞ்சளைச் சொல்லி மட்டையை மறைப்பது நம் எழுத்தில் வழக்கமாகிவிட்டது. ரெண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சாட்சியம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது சொல்கிற வாக்கியம் எல்லாருக்கும் தெரியும். 'கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்.' எல்லாச் சாதிக்காரரும் சொல்வதுதான். ஆனால் சேரியிலிருந்து போன அப்பன் ஆதிக்கசாதி வாத்தியாரிடம் இதைச் சொல்லும்போது அதன் அர்த்தமே வேறாகிவிடுகிறது. ஏற்கெனவே உரிக்கக் காத்திருக்கிற கைக்கு நாமே எழுதிக் கொடுக்கிற அனுமதிச் சீட்டு அது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. சட்டம் திரும்ப வாங்கிய அந்தச் சீட்டை நம் வாய் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான அப்பனும் நம் எழுத்தில் இருக்கிறார். ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' (1997) நூலில் தலைமை ஆசிரியர் பிள்ளையைப் பாடம் படிக்க விடாமல் நாள்கணக்கில் பள்ளியைப் பெருக்க வைக்கிறார். அந்த வழியாக வந்த அப்பா பார்க்கிறார். பிள்ளை கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாத்தியாரைப் பார்த்துக் கத்துகிறார். இவரும் ஏழைதான், இவருக்கும் கூலி வேலைதான். கை போக வேண்டிய திசை எது என்று இவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, 'நிலைமை அப்படி, அடிக்காம என்ன செய்வாங்க' என்கிற சமாதானம் முழு உண்மை இல்லை.

அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை ஊரைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். அது வீட்டுக்குள்ளும் படியேறி வந்து உட்கார்ந்திருக்கிறது. புருஷனிடம் வாங்கியதைப் பெண்டாட்டி பிள்ளையிடம் கொடுக்கிறாள். பிள்ளைகளிலும் பொட்டப்புள்ளைதான் கடைசிப் படி. அவளுக்குக் கீழே அடிப்பதற்கு ஆள் இல்லை. கலகம் பேசுகிற இலக்கியம் இந்தக் கடைசிப் படியைத் தாண்டிப் போனால் அது ஆம்பளைக் கலகமாகத்தான் முடியும்.

இதைப் பேச ஆரம்பித்தால் நம் கூட்டங்களில் உடனே ஒரு குரல் எழும். 'நம்ம வீட்டு சண்டைய ஊருக்கு ஏன் காட்டணும்? நாளைக்கு அவனுங்க இதையே வச்சி நம்ம புள்ளைங்கள தூக்கிட்டுப் போவானுங்க.' இதைக் கோழைத்தனம் என்று நான் தள்ள மாட்டேன். இந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது.

பிரிட்டிஷ் அரசு 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தில் 1897இல் ஒரு திருத்தம் சேர்ந்தது. அந்தச் சமூகங்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்பில் வைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது அது. பெற்றோர் அடித்தார்களா கொஞ்சினார்களா என்று யாரும் கேட்கவில்லை. பிறப்பே போதுமான குற்றமாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிப் பிள்ளைகளை இப்படிப் பிரித்துக்கொண்டு போனதை 1997இல் வெளிவந்த அரசு விசாரணை அறிக்கை ஒப்புக்கொண்டது. 'பிள்ளையைக் காப்பது' என்ற சொல்லாடல் ஒடுக்கப்பட்டவர் வாசலுக்கு வந்தபோதெல்லாம் கையில் ஒரு சங்கிலியோடுதான் வந்திருக்கிறது.

பழைய கதை என்று இதை ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் 18 வயதுக்குள் குழந்தைப் பாதுகாப்புத் துறையின் விசாரணைக்கு ஆளாகிற பிள்ளைகள் மொத்தத்தில் 37 சதவீதம், கறுப்பர்களில் 53 சதவீதம் என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. டோரதி ராபர்ட்ஸ் 2002இலும் 2022இலும் எழுதிய நூல்களில் இந்தத் துறையையே கறுப்பர் குடும்பங்கள் மீதான போலீஸ் வேலை என்கிறார். அங்கே பிள்ளையை எடுப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் அடியைவிடக் 'கவனிப்பின்மை'தான் அதிகம். வாடகை கட்ட முடியாததும் வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததும் அந்தச் சொல்லுக்குள் போய் விழுகின்றன. வறுமைக்கே அங்கே குற்றப்பெயர் சூட்டப்படுகிறது.

நம் சட்டத்தையும் ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கலாம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்று வரையறுக்கிறது. அந்தப் பட்டியலின் முதல் வரியே வீடும் பிழைக்க வழியும் இல்லாத பிள்ளையைப் பற்றியது. அடிபடுகிற பிள்ளை அதற்குப் பிறகுதான் வருகிறது. முடிவெடுக்கிற குழந்தைகள் நலக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். ஒருவராவது பெண்ணாகவும் இன்னொருவர் குழந்தைகள் விவகாரத்தில் நிபுணராகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தலித்தோ பழங்குடியோ ஒருவர் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை. யார் வீட்டைப் பற்றி அதிகம் பேசப்படுமோ அவர்களுக்கு நாற்காலி இல்லை.

இன்னொரு பக்கம், 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில் மூன்று பிள்ளைகளில் இருவர் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்றோர். இவ்வளவு பெரிய எண்ணிக்கை சேரியில் மட்டும் அடங்காது. அடி எல்லாத் தெருவிலும் விழுகிறது. ஆனால் மாடி வீட்டுக் கதவுக்குள் விழுகிற பெல்ட் அடி வெளியே கேட்காது. கேட்டாலும் அதற்குப் பேர் 'கண்டிப்பு'. ஓலைக் குடிசையில் பிள்ளை கத்தினால் தெருவே கூடும். அதற்குப் பேர் 'வன்முறை'. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணத்தோடு, நன்மைக்காகப் பெற்றவர் செய்ததற்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 89ஆம் பிரிவாக இருந்தது, 2024 முதல் நியாய சன்ஹிதாவில் 27ஆம் பிரிவாக இருக்கிறது. யாருடைய அடியில் நல்லெண்ணம் தெரியும், யாருடைய அடியில் குடிவெறி மட்டும் தெரியும் என்பது பார்க்கிற கண்ணைப் பொறுத்தது. அந்தக் கண்ணுக்குச் சாதி உண்டு.

அப்படியானால் 1098க்கு யாரும் போன் பண்ண வேண்டாமா? பண்ணத்தான் வேண்டும். சூடு வைக்கப்படுகிற பிள்ளையிடம் போய் 'அரசு நம்ம அரசு இல்ல, பொறுத்துக்க' என்று சொல்ல எனக்கு வாய் வராது. சில வீடுகளிலிருந்து பிள்ளையை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் குடும்பம்தான் முதல் பொறுப்பு, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று அதே 2015 சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வரியை நாம் கையில் எடுக்க வேண்டும். பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் அந்த அப்பனுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைத்ததா, அம்மா வேலைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுப்போக இடம் இருந்ததா, தெருவுக்குப் பக்கத்தில் சாராயக் கடையைத் திறந்தது யார் என்று அதிகாரியைக் கேட்கிற ஆள் அந்தக் குழுவுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

விமர்சகருக்கும் இதுதான் வேலை. அடிக்கிற கையை மட்டும் பார்ப்பது அதிகாரியின் வாசிப்பு. பின்னால் நிற்கிற கையை மட்டும் பார்த்து முன்னால் உள்ள கையை மன்னித்துவிடுவது நம் வாசிப்பாக இருந்திருக்கிறது. மாரியம்மாவுக்கு இந்த ரெண்டு வாசிப்பாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. முதலாளியின் பொய்யையும் அப்பனின் கையையும் ஒரே மூச்சில் கேள்வி கேட்கிறவர்தான் அவளுக்கு வேண்டும். பாமா அப்படித்தான் எழுதினார். நாம் இன்னும் அப்படி வாசிக்கப் பழகவில்லை.