குரூஸ் ஹில் சாலைப் புகைப்படங்கள்: திணைக்கோட்பாட்டு நோக்கு

0. முன்னுரை

இலண்டன் மாநகரின் வட எல்லையில், என்ஃபீல்டு வட்டாரத்தில், குரூஸ் ஹில் என்னும் சிறு குடியிருப்பு உள்ளது. இரயில் நிலையம் ஒன்றும், சாலையோரம் தொடர்ச்சியாக அமைந்த தோட்ட அங்காடிகளும் நாற்றுப்பண்ணைகளும் இதன் அடையாளங்கள். புறநகர்ச் சாலைகளை ஆவணப்படுத்தும் நோக்கில் எடுக்கப்பெறும் புகைப்படங்களில் இவ்வூரின் சாலையும் இடம்பெற்றுள்ளது. அழகியல் நோக்கின்றி எடுக்கப்பெற்ற இத்தகைய படங்களைத் திறனாய்வுக்கு உட்படுத்தலாமா, உட்படுத்தின் எவ்வளவைகொண்டு மதிப்பிடுவது என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. தமிழ்ப் பொருளிலக்கணம் வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பகுப்பு இங்கு அளவையாகக் கொள்ளப்படுகிறது. அகப்பாடலுக்கென வகுக்கப்பட்டதாயினும், நிலத்தையும் வாழ்வையும் இணைத்துக் காணும் கோட்பாடாதலின், நிலத்தைக் காட்டும் படத்திற்கும் அது பொருந்தும் எனக் கொள்ள இடமுண்டு.

1. ஆவணப் படமரபு

பிரித்தானியாவில் ஊர்களைப் படமெடுத்துச் சேமிக்கும் வழக்கம் நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. 1897இல் சர் பெஞ்சமின் ஸ்டோன் தேசியப் புகைப்பட ஆவணச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பழங்கட்டடங்களும் மரபுவழி விழாக்களும் மறைவதற்குமுன் அவற்றைப் பதிவுசெய்தல் அதன் நோக்கமாகும். அச்சங்கம் 1910இல் கலைந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் குரூஸ் ஹில் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. பழமையைத் தேடிய அவ்வியக்கத்தினர் கண்ணுக்கு இத்தகைய புதிய நிலையம் பதிவுசெய்யத் தக்க பொருளாகத் தோன்றியிருக்க இயலாது.

2005இல் தொடங்கிய ஜியோகிராஃப் திட்டம் இதற்கு மாறான நெறியைக் கொண்டது. பிரித்தானியா, அயர்லாந்து ஆகியவற்றின் ஒவ்வொரு சதுரக் கிலோமீட்டருக்கும் படம் இருத்தல் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். இங்குச் சிறப்புடைய இடம், சிறப்பற்ற இடம் என்னும் வேறுபாடு நீங்குகிறது. கோயிலும் கோட்டையும் பெற்ற இடத்தை வாகன நிறுத்துமிடமும் பெயர்ப்பலகையும் பெறுகின்றன. புறநகர்ச் சாலை படப்பொருளானது இந்நெறியின் விளைவே எனலாம்.

2. முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள். இவ்வகைப் படங்களில் இவை இரண்டும் குறைவின்றி அமைகின்றன. இன்ன சாலை, இன்ன திசை, இன்ன நாள் என்பனவற்றைப் படக்குறிப்பு தருகிறது. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் 1964இல் எழுதிய கட்டுரையில், பல பொருள் தரவல்ல படத்தை ஒரு பொருளில் நிலைநிறுத்துவது அதனுடன் வரும் சொல்லே என்று விளக்கினார். குரூஸ் ஹில் படங்களுக்கு இக்கருத்து பெரிதும் பொருந்தும். படக்குறிப்பை நீக்கிவிடின், அங்காடியும் வேலியும் நிறைந்த அச்சாலை தென்னிங்கிலாந்தின் எப்புறநகருக்கும் உரியதாகத் தோன்றும். எனவே இப்படங்களில் நிலத்தை உணர்த்துவது காட்சியன்று, சொல்லே என்பது புலனாகும்.

3. கருப்பொருள்

உணவு, மரம், விலங்கு, பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருளாக வகுப்பர். தோட்ட அங்காடியைப் பொறுத்தவரை இப்பகுப்பு ஒரு சிக்கலை எழுப்புகிறது. அங்கு விற்கப்படும் செடிகள் அந்நிலத்திற்கு உரியன அல்ல. மத்தியதரைக் கடற்பகுதியின் ஒலிவமும் இலவந்தரும் வெப்பநாட்டுப் பனைவகைகளும் ஒரே முற்றத்தில் நிற்கின்றன. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வருதலைத் தொல்காப்பியம் ஏற்றுக்கொள்கிறது. பாடலில் அருகி வரும் இம்மயக்கம் தோட்ட அங்காடியில் அன்றாட வாணிகமாகிறது.

எனினும், இவ்வாணிகத்தின் அடியில் அந்நிலத்திற்கே உரிய தொழில் ஒன்று உண்டு. இதற்கு அருகிலுள்ள லீ பள்ளத்தாக்கு, இருபதாம் நூற்றாண்டில் கண்ணாடிக் கூடங்களில் தக்காளியும் வெள்ளரியும் விளைவித்துப் பெயர்பெற்றது. குரூஸ் ஹில்லிலும் கண்ணாடிக் கூட வேளாண்மை நிலைபெற்றிருந்தது. வளர்ப்புத் தொழில் காலப்போக்கில் விற்பனைத் தொழிலுக்கு இடம் கொடுத்தது. சாலையோரப் படங்களில் விற்பனையே முன்னிற்கிறது. வளர்ப்பு, பின்புலத்தில் தெரியும் கண்ணாடிக் கூரையின் விளிம்பாகச் சுருங்குகிறது. படத்திற்குள் தொழிலைக் கூறுவன அறிவிப்புப் பலகைகள் மட்டுமே. பொதுவிடப் பலகைகளின் மொழியைத் தனி ஆய்வுப்பொருளாக 1997இல் லாண்ட்ரி, பூரி ஆகிய இருவரும் முன்வைத்தனர். அவ்வகை ஆய்வுக்கு இப்படங்கள் நல்ல தரவாகும். ஆயினும் பலகை கூறுவது விற்பவர் கூற்றே. வளர்த்தவர் கூற்று அதில் இல்லை.

4. உரிப்பொருள்

முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் பின்னது முன்னதினும் சிறந்தது என்பது தொல்காப்பியர் கொள்கை. நிலமும் கருப்பொருளும் மனித ஒழுக்கத்தை விளக்கவே வருகின்றன. இவ்வரிசை குரூஸ் ஹில் படங்களில் தலைகீழாகிறது. முதற்பொருள் நிறைவாகவும் கருப்பொருள் ஓரளவும் அமைய, உரிப்பொருள் இல்லாதொழிகிறது. சாலையில் கார்கள் உள்ளன, செல்வோர் முகம் இல்லை. நடைமேடை உள்ளது, காத்திருப்போர் இல்லை. பிரிதலுக்கும் இருத்தலுக்கும் இயல்பான களமாகிய இரயில் நிலையமே வெற்றிடமாகக் காட்டப்படுகிறது.

அறிமுகமற்றவர் முகத்தைத் தவிர்த்தல் நாகரிகம் என்றும், ஆவணப்படத்திடம் உணர்ச்சியை எதிர்பார்த்தல் அளவை மயக்கம் என்றும் இதற்கு மறுப்புக் கூறலாம். இம்மறுப்பு ஒருபுறம் ஏற்கத்தக்கதே. உணர்ச்சியைத் திணிக்காமை இப்படங்களின் நேர்மை. மேலும், ஒரே இடத்தைப் பல ஆண்டுகளில் எடுத்த படங்களை வரிசைப்படுத்தும்போது நிலை மாறுகிறது. அமெரிக்கக் கலைஞர் எட் ரூஷே, சன்செட் ஸ்டிரிப் சாலையின் கட்டடங்கள் அனைத்தையும் படமெடுத்து 1966இல் நூலாக்கினார். பின்னரும் பல பத்தாண்டுகள் அதே சாலையை மீண்டும் மீண்டும் பதிவுசெய்தார். தனிப்படம் கூறாததை அவ்வரிசை கூறுகிறது. குரூஸ் ஹில் படங்களிலும் பலகையின் பெயர் மாறுதல், கூடம் இடிதல், முற்றம் வாகன நிறுத்துமிடமாதல் ஆகியவற்றை ஒப்பிட்டு நோக்குவார்க்கு, மறைந்து நிற்கும் வாழ்வு புலப்படும். உரிப்பொருள் படத்தில் இல்லை, படங்களுக்கு இடையில் உள்ளது எனலாம்.

5. வெறுமையின் விளைவு

இவ்வாராய்ச்சி வெறும் கோட்பாட்டளவில் நிற்பதன்று. குரூஸ் ஹில் இலண்டனின் பசுமை வளையத்துள் அமைந்த பகுதி. என்ஃபீல்டு மன்றம் 2024இல் வெளியிட்ட வட்டாரத் திட்ட வரைவு இங்கு ஏறத்தாழ 5,500 வீடுகளை முன்மொழிந்தது. புதுநகரங்கள் குறித்த அரசுப் பணிக்குழு 2025 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, குரூஸ் ஹில்லையும் சேஸ் பார்க் பகுதியையும் இணைத்து 21,000 வீடுகள்வரை அமையலாம் எனப் பரிந்துரைத்தது. பசுமை வளையத்துள் முன்பே கட்டடம் எழுந்த நிலத்தையும், வளையத்தின் நோக்கங்களுக்குப் பெரிதும் பயன்படாத நிலத்தையும் குறிக்கச் ‘சாம்பல் வளையம்’ என்னும் சொல் 2024 டிசம்பரில் இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையில் இடம்பெற்றது.

நிலத்திற்கு இடப்படும் பெயரே அதன் எதிர்காலத்தை முடிவுசெய்யும் இச்சூழலில், மனிதரற்ற படம் இருதரப்பார்க்கும் உதவும். வீட்டுத் தேவையை வலியுறுத்துவோர் அதில் தார்த்தளத்தையும் பாழடைந்த கூடத்தையும் காண்பர். பாதுகாப்பை வலியுறுத்துவோர் வேலிச்செடியையும் மரத்தையும் காண்பர். இரு தரப்பு வாதங்களும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. வீடின்றித் தவிப்போர் நிலையும் உண்மை, தொழிலிடம் இழப்போர் நிலையும் உண்மை. ஆனால் அங்கு உழைப்போர் எவர், அவர்கள் வளர்ப்பது யாது என்னும் வினாவிற்கு இப்படங்களிலிருந்து எத்தரப்பாரும் விடை பெற இயலாது. ஆளில்லாத நிலமாகக் காட்டப்படுவது ஆளில்லாத நிலமாகவே கருதப்படும் இடர் இங்கு உள்ளது.

6. முடிவுரை

குரூஸ் ஹில் சாலைப் புகைப்படங்கள் முதற்பொருளில் நிறைவும், கருப்பொருளில் குறைவும், உரிப்பொருளில் வெறுமையும் உடையன என்பது மேற்கூறியவற்றால் பெறப்படும். எளிய பொருளையும் ஒதுக்காது ஏற்றது இப்படமரபின் சிறப்பாகும். அதன் குறையைப் போக்க முகங்களைப் படமெடுத்தல் வேண்டுவதில்லை. படக்குறிப்பு விரிவடைந்தால் போதும். இடமும் நாளும் தரும் குறிப்பு, அங்கு விளைந்தது எது, அத்தொழில் எப்போது தொடங்கி எப்போது நின்றது, அவ்விடத்தை உழைப்போர் எப்பெயரால் வழங்கினர் என்பனவற்றையும் தருதல் வேண்டும். கட்டடம் மறைந்தபின் படம் எஞ்சும். தொழிற்சொற்களும் வழக்குப்பெயர்களும் எழுதி வைத்தாலன்றி எஞ்சா. அவற்றை அறிந்தோர் அங்குத் தொழில் செய்யும் காலத்திலேயே கேட்டெழுதுதல் ஆவணப்படுத்துவோர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.