அடேயப்பா, அந்த 352 நாட்கள்!

தெற்கே அகுல்யாஸ் முனை. வடக்கே துனீசியாவின் ராஸ் ஏஞ்செலா முனை. ஆப்பிரிக்க வரைபடத்தை விரித்து இந்த இரண்டுக்கும் நடுவே விரலை நகர்த்திப் பாருங்கள். அவ்வளவு தூரத்தையும் ரஸ் குக் என்ற இங்கிலாந்துக்காரர் ஓடியே கடந்தார். 2023 ஏப்ரல் 22 அன்று தொடங்கி 2024 ஏப்ரல் 7 அன்று முடித்தார். 352 நாட்கள், 16 நாடுகள், ஏறத்தாழ 16,300 கிலோமீட்டர். அவரும் வேனில் கூடவே வந்த நண்பர்களும் அதைப் படம்பிடித்து யூடியூபில் போட்டுக்கொண்டே வந்தார்கள். நான் ஒன்றைக்கூட விடவில்லை. புது வீடியோ வந்திருக்கிறது என்று போன் சிணுங்கினால், சமையலறையில் எது கொதித்துக்கொண்டிருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். யூடியூபில் எத்தனையோ சவால் வீடியோக்கள் பார்த்திருக்கிறேன். இதற்குப் பக்கத்தில் நிற்க ஒன்றுகூட இல்லை.

கணக்கைப் பாருங்கள். 16,300 கிலோமீட்டரை 352 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 46 கிலோமீட்டர் வருகிறது. ஒரு முழு மாரத்தான் 42 கிலோமீட்டர் சொச்சம். ஓய்வெடுத்த நாள், நோயில் படுத்த நாள், எல்லையில் காத்துக்கிடந்த நாள் எல்லாவற்றையும் சேர்த்தே இந்தச் சராசரி. மாரத்தான் ஓடியவர்களைக் கேளுங்கள், மறுநாள் மாடிப்படி இறங்குவதே பெரும்பாடு என்பார்கள். இந்த மனிதர் மறுநாள் காலையில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு அடுத்த மாரத்தானுக்குக் கிளம்பியிருக்கிறார்!

ரஸ் குக் இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் வொர்த்திங் ஊர்க்காரர். ஓட்டத்தை முடித்தபோது வயது 27. இணையத்தில் ‘ஹார்டஸ்ட் கீசர்’ என்ற பெயரில்தான் எல்லோருக்கும் தெரியும். செம்பட்டைத் தாடி, கணீரென்ற சிரிப்பு. 2019ல் ஆசியாவிலிருந்து லண்டன் வரை ஓடியவர். ஒரு காரை இழுத்துக்கொண்டே மாரத்தான் தூரம் போனவர். இதையெல்லாம் கேட்டால் யாரோ பிறவி விளையாட்டு வீரர் என்று தோன்றும். அப்படியில்லை. இளவயதில் குடி, சூதாட்டம், மனச்சோர்வு என்று தடம்மாறிக் கிடந்தவர். ஓட்டம்தான் அவரைக் கைபிடித்துத் தூக்கியது என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நிதி திரட்ட அவர் தேர்ந்தெடுத்த அமைப்புகளில் ஒன்று ‘தி ரன்னிங் சாரிட்டி’. வீடில்லாமல் தவிக்கும் இளைஞர்களை ஓட்டத்தின் வழியாக மீட்டெடுப்பதுதான் அதன் வேலை. தான் எதனால் பிழைத்தாரோ அதையே இன்னொருவருக்கும் கொடுக்கக் கிளம்பிவிட்டார்! எனக்கு இது தெரிந்த அன்றுதான் வெறும் பார்வையாளராக இருந்த நான் ரசிகை ஆனேன்.

இன்னொன்று ‘சாண்ட்பிளாஸ்ட்’. மேற்கு சஹாராவிலிருந்து துரத்தப்பட்டு, அல்ஜீரியாவின் டிண்டூஃப் பக்கத்துப் பாலைவன முகாம்களில் 1970களின் நடுப்பகுதியிலிருந்து வாழ்ந்துவரும் சஹ்ராவி மக்களுக்காக இயங்கும் அமைப்பு. அந்த மக்களைப் பற்றி எனக்கு அதுவரை ஒரு வரிகூடத் தெரியாது. ஐம்பது வருஷமாக ஒரு ஜனம் கூடாரத்தில் தலைமுறைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டிருக்கிறது, தாடி வைத்த ஓர் ஓட்டக்காரர் சொல்லித்தான் அது என் காதுக்கு எட்டியது.

முதலில் போட்ட திட்டம் வேறு. வடக்கிலிருந்து தெற்காக, 240 நாளில் முடிப்பதாகத்தான் இருந்தது. அல்ஜீரியா விசா கிடைக்காமல் போனதால் திசையையே திருப்பிப் போட்டுத் தெற்கிலிருந்து தொடங்கினார்கள். அந்த விசா விட்டதா என்றால், இல்லை. அதற்கு வருகிறேன்.

இந்த வீடியோக்களில் என்னை ஆட்கொண்டது சம்பவமே நடக்காத நாட்கள்தான். நேர்ச்சாலை, வெயில், லாரி புழுதி, கொப்புளம், மறுபடியும் சாலை. ஏதாவது ஒரு கிராமம் வரும். எங்கிருந்தோ பத்துப் பதினைந்து பிள்ளைகள் கிளம்பி, சிலர் செருப்போடு, சிலர் வெறுங்காலோடு, ஆரவாரமாகக் கூட ஓடி வருவார்கள். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிடும். ஊர் முடியும் இடத்தில் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், அவர் தனியாகத் தொடர்வார். சினிமாக்காரர்கள் இதை வெட்டி எறிந்திருப்பார்கள். இந்த நண்பர்கள் வெட்டவில்லை. அதனால்தான் 16,300 என்ற எண்ணின் கனம் பார்க்கிறவர்களின் காலிலும் இறங்குகிறது. வேனிலேயே படுத்து, வேனிலேயே சமைத்து, வேனிலேயே எடிட்டிங் முடித்து, சிக்னல் கிடைத்த இடத்தில் ஏற்றிவிட்ட அந்தச் சின்னக் குழுவுக்கும் என் கும்பிடு. அவர்கள் இல்லாவிட்டால் அவர் ஓடியது அவர் காலுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

சம்பவங்களுக்கும் குறைவில்லை. அங்கோலாவில் துப்பாக்கியைக் காட்டி கேமரா, போன், பணம், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு போனார்கள். உணவு ஒத்துக்கொள்ளாமல் வாந்தி பேதி. சிறுநீரில் ரத்தம் போய்ச் சில நாள் படுத்தார். நைஜீரியாவில் முதுகு பிடித்துக்கொண்டு நிமிரவே முடியவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் தூரத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல மெல்ல மீண்டார்.

காங்கோ பகுதியை மட்டும் என்னால் மறக்கவே முடியாது. காட்டுப் பாதையில் வேன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாகப் பிரிந்துபோனார்கள். தனியாக ஓடிக்கொண்டிருந்தவரைக் கத்தி வைத்திருந்த ஆட்கள் மறித்துப் பணம் கேட்டார்கள். பையைக் கொட்டிக் காட்டினார். உள்ளே இருந்தது பாதி தின்ற ஒரு பிஸ்கட். புதருக்குள் பாய்ந்து தப்பி ஓடியவரைப் பிற்பாடு வேறு இருவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் காட்டுக்குள் மணிக்கணக்காகக் கொண்டுபோனார்கள். உயிர் போகப்போகிறது என்றே அவர் நினைத்திருக்கிறார். கடைசியில் எப்படியோ குழுவோடு வந்து சேர்ந்தார். அந்த வீடியோவைப் பார்த்தபோது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இதற்கு மேல் யாராக இருந்தாலும் விமானம் ஏறி வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் விட்ட இடத்துக்கே திரும்பி வந்து ஓடினார்.

அப்புறம் அந்த விசா. மேற்கு ஆப்பிரிக்கா முழுக்க ஓடித் தீர்த்து, 2024 ஜனவரியில் வடக்கு நோக்கிப் பார்க்கும்போது அல்ஜீரியாக் கதவு இன்னும் சாத்தியே கிடந்தது. அந்த நாட்டைத் தாண்டாமல் துனீசியாவுக்குள் கால் வைக்க வழியில்லை. கேமராவைப் பார்த்து ஒரு வேண்டுகோள் வீடியோ போட்டார். அழுகை இல்லை, ஆவேசம் இல்லை. நிலைமை இதுதான், யாராவது உதவ முடிந்தால் உதவுங்கள் என்ற தொனி. லட்சக்கணக்கானோர் அதைப் பகிர்ந்தார்கள், பிரிட்டிஷ் எம்.பி.க்களும் குரல் கொடுத்தார்கள். கொஞ்ச நாளிலேயே பிரிட்டனில் உள்ள அல்ஜீரியத் தூதரகம் மரியாதை விசா தருவதாக அறிவித்தது! அந்தச் செய்தியைப் படித்ததும் நான் கைதட்டிக் குதித்ததில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து என்னவென்று விசாரித்தார்கள். அதன்பின் சஹாரா. மணல் புயல், ஆளில்லாத தார்ச்சாலை, இரண்டு பக்கமும் வானம் தொடும்வரை மணல்.

ஏப்ரல் 7. கடைசி மாரத்தானில் கூட ஓடுவதற்கென்றே எங்கெங்கிருந்தோ ரசிகர்கள் துனீசியாவுக்கு வந்து இறங்கியிருந்தார்கள். ஒரு வருஷமாகத் தனியாக ஓடிக்கொண்டிருந்தவருக்குப் பின்னால் அன்று ஒரு கூட்டமே ஓடியது. ராஸ் ஏஞ்செலாவைத் தொட்டதும் நேராகக் கடலில் இறங்கினார். நான் அழுதுவிட்டேன். அன்று மாலை பிசெர்ட் நகரில் கொண்டாட்டம்; ‘சாஃப்ட் பிளே’ இசைக்குழுவின் கச்சேரி. முடித்ததும் ஸ்ட்ராபெர்ரி டாக்கிரி குடிக்கப்போகிறேன் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார், அதுவும் கைக்கு வந்துவிட்டது.

ஆப்பிரிக்காவை நெடுக ஓடிக் கடந்த முதல் ஆள் இவர்தானா என்று ஒரு வாக்குவாதம் கிளம்பியது. டென்மார்க்கின் யெஸ்பர் ஓல்சன் எகிப்திலிருந்து தெற்கு முனை வரை ஓடி 2010லேயே முடித்துவிட்டார் என்று உலக ஓட்டக்காரர்கள் சங்கம் எடுத்துச் சொன்னது. ஓல்சனும் மகத்தான மனிதர், அவருக்குரிய மரியாதையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் தென்கோடி முனையிலிருந்து வடகோடி முனை வரை, இந்த மேற்குக் கரைப் பாதையில், இத்தனை நாடுகளை ஊடறுத்து ஓடிய குக்கின் சாதனை இந்த வாதத்தால் இம்மியும் தேயவில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

பணம்? ஓடி முடித்த நாளில் வசூல் இலக்கைத் தொட்டிருக்கவில்லை. அடுத்த சில நாட்களில் 10 லட்சம் பவுண்டைத் தாண்டியது. நம் கணக்கில் 10 கோடி ரூபாய்க்கு மேல். அதில் பெரும் பகுதி என்னைப் போன்றவர்கள் போட்ட சில்லறைதான் என்று நினைக்கும்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? அவர் ஒரு நாளும் பரிதாப முகம் காட்டிக் கேட்கவில்லை. தன் வேலையைச் செய்தார், செய்ததைக் காட்டினார், கீழே நன்கொடைச் சுட்டியை வைத்தார். அல்ஜீரியா விசா கிடைத்த அன்று நானும் போட்டேன். வசூல் எண் ஏறுவதைப் பார்ப்பதும் அப்புறம் அவர் ஓட்டத்தோடு சேர்ந்த இன்னொரு ஓட்டமாகிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? சரியாக இரண்டே வாரம் கழித்து, ஏப்ரல் 21 அன்று, லண்டன் மாரத்தானில் போய் நின்றார்! ஓடியும் முடித்தார்.

இன்னும் பார்க்காதவர்கள் இன்றிரவே தொடங்குங்கள். கடைசி நாள் வீடியோதான் பிரபலம், ஆனால் அதில் தொடங்காதீர்கள். அகுல்யாஸ் முனையில் அவர் முதல் அடி எடுத்து வைக்கிறாரே, அங்கிருந்து வாருங்கள். அங்கோலா வரும், காங்கோ வரும், விசா வரும். ராஸ் ஏஞ்செலா வரும்போது பக்கத்தில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். கையில் நூறோ இருநூறோ இருந்தால் அந்த இரண்டு அமைப்புகளில் ஒன்றுக்கு அனுப்பிவிடுங்கள்.