போயா நாளும் இ-வே பில்லும்

அலுவலகம் இடம் மாறும்போது மேசை நாற்காலியெல்லாம் லாரியில் ஏறிவிடும். சர்வரின் ஐபி முகவரி ஏறாது. பெரும்பாலும் அது இணையச் சேவை நிறுவனத்துக்குச் சொந்தம். சொந்த முகவரித் தொகுதி வைத்திருப்பவர்கள் மட்டுமே கையோடு கொண்டுபோக முடியும். அதை இந்தியாவில் நிக்சியின் (தேசிய இணையப் பரிமாற்றகம்) கீழ் இயங்கும் தேசியப் பதிவகமான இரின் தருகிறது. இலங்கையில் தேசியப் பதிவகம் இல்லாததால் பிரிஸ்பேனிலுள்ள ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்னிக்கிடமே நேரே போக வேண்டும். சிறு அலுவலகங்கள் இரண்டு நாட்டிலும் இந்தப் பக்கம் தலைவைப்பதில்லை.

கைவேலையில் கொழும்புக்கும் சென்னைக்கும் வித்தியாசம் இல்லை. டிஎன்எஸ் பதிவின் டிடிஎல்லை (பழைய முகவரி நினைவில் நிற்கும் நேரம்) இரண்டு நாள் முன்பே 86,400 விநாடியிலிருந்து 300க்கு இறக்க வேண்டும். மெயில் சர்வர் இருந்தால் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸைப் புதிய சேவை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். மறந்தால் அனுப்பும் மடல்கள் ஸ்பாமில் போய் விழும்.

வேறுபடுவது நாள் பார்ப்பதில். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா என்ற பெயரில் விடுமுறை. வெள்ளியிலோ திங்களிலோ போயா விழுந்தால் மூன்று நாள் கிடைக்கும். சர்வர் மாற்ற இதைவிட வசதி ஏது? ஆனால் அன்று வங்கியும் மூடியிருக்கும். நிறுவனத்தின் ஐபியை அனுமதிப் பட்டியலில் வைத்திருக்கும் வங்கிக்காரர் விடுமுறை முடிந்துதான் தொலைபேசியை எடுப்பார். மூன்று நாளும் எல்லாம் சரியாக ஓடுவதுபோல் தெரியும்; சம்பளக் கோப்பை அனுப்பும்போதுதான் கதவு திறக்காது.

சென்னையில் முதலாளி ஆடி மாதத்தைத் தள்ளிவைப்பார், பிறகு ஒரு சனிக்கிழமை இரவைத் தருவார். (ஆயுத பூஜைக்கு சர்வருக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. நாள் பார்ப்பதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை.) சரக்கு நிறுவனமென்றால் ஞாயிறும் வேலை நாள்தான். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்ட இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு வேண்டும்; தங்கள் மென்பொருளை அதைத் தரும் அரசுத் தளத்தோடு நேரடியாக இணைத்தவர்கள் இந்திய ஐபி முகவரியை முன்னதாகவே பதிந்திருக்க வேண்டும். ஐபி மாறியதைச் சொல்லாவிட்டால் இணைப்பு நின்றுவிடும். தளத்தில் கையால் பில் போடலாம்தான்; வாசலில் இருபது லாரி நிற்கும்போது யார் உட்கார்ந்து போடுவது? பழைய ஃபயர்வாலைக் கழிப்பதற்கும் அவசரப்படக் கூடாது. அதிலுள்ள லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவு.

என்னைக் கேட்டால், நாள் பார்ப்பதைவிடப் பழைய இணைப்புதான் முக்கியம். வங்கியில் ஒரு கோப்பு ஏறி, ஒரு இ-வே பில் வெளிவரும் வரை அதைத் துண்டிக்கக் கூடாது. ஒரே மாதத்தில் இரண்டு இணைப்புக்கும் பில் கட்டுவதா என்று முகம் சுளிக்கும் கணக்கர் கொழும்பிலும் இருக்கிறார், சென்னையிலும் இருக்கிறார்.