பசுமைச் சான்றும் மின் கட்டணமும்

2010 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் புதிய சட்டமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. பசுமைக் கட்டடமாகவே வடிவமைக்கப்பட்ட சட்டமன்றம் என்று அது கொண்டாடப்பட்டது. 'லீட்' என்னும் பசுமைக் கட்டடத் தரமதிப்பீட்டில் தங்கச் சான்றும் பெற்றது. 2014 முதல் அதே கட்டடம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக இயங்குகிறது. ஏழை நோயாளிகளுக்கு அது பெரும் உதவி. ஆனால் சட்டமன்றத்துக்கெனக் கணக்கிட்ட குளிர்சாதனமும் விளக்குகளும், அறுவை அரங்குகள் இரவு பகலாக இயங்கும் இடத்துக்குப் பொருந்துமா? சான்று மதிப்பிட்டது வரைபடத்தை. மின்சாரம் செலவாவது பயன்பாட்டில்.

இதனால் சான்றிதழே வீண் என்று ஆகிவிடாது. 2003இல் ஐதராபாத்தில் இந்தியத் தொழிற்கூட்டமைப்பின் பசுமை வணிக மையம் 'லீட்' பிளாட்டினம் பெற்ற பிறகுதான் இந்தத் துறை இங்கே வேர்பிடித்தது. சாம்பல் செங்கல், வெப்பம் தடுக்கும் கண்ணாடி, நச்சு ஆவி குறைந்த பெயின்ட் எல்லாவற்றுக்கும் அது சந்தையை வளர்த்தது. அடுக்குமாடி வீடு வாங்குபவருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. விளம்பரத்தில் யார் வேண்டுமானாலும் 'பசுமை' என்று எழுதலாம். சான்று என்றால் வெளியாள் ஒருவர் ஆவணங்களைப் பார்த்திருக்கிறார் என்று பொருள். தண்ணீர் விஷயத்தில் இதன் பயன் கண்கூடு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்ததே, அத்தகைய காலத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் விடும் குடியிருப்புக்கு லாரித் தேவை குறையும்.

கோளாறு மதிப்பெண் முறையில் இருக்கிறது. சில அடிப்படை நிபந்தனைகளைத் தாண்டிவிட்டால், மின்சாரத்தில் விட்டதை வேறு எதிலாவது பிடித்துவிடலாம். சேமிப்பையும் விதிமுறையின் குறைந்தபட்சத் தரத்தில் அமைந்த கற்பனையான ஒரு கட்டடத்தோடு ஒப்பிட்டே கணக்கிடுகிறார்கள். அதனால் நம் புழுக்கத்தில் நாலாபுறமும் கண்ணாடி போர்த்திய அலுவலகம்கூட நல்ல கண்ணாடி, நல்ல ஏசி என்று காட்டித் தேறிவிட முடிகிறது. மேற்கு வெயிலை மறைக்கும் எளிய சுவரைப் பற்றி அங்கே யோசிப்பதே இல்லை. கட்டி முடிப்பதற்கு முன்பே தரப்படும் முன்சான்றை வைத்து வீடு விற்பது இன்னும் மோசம்.

இந்த ஐயம் புதியதல்ல. 2008இல் அமெரிக்க ஆய்வொன்று 'லீட்' கட்டடங்கள் சராசரியாக நான்கில் ஒரு பங்கு ஆற்றலைச் சேமிப்பதாகச் சொன்னது. ஓபர்லின் கல்லூரி இயற்பியல் பேராசிரியர் ஜான் ஸ்கோஃபீல்ட் அதே தரவைத் திரும்ப ஆராய்ந்தார். மின் உற்பத்தியில் ஆகும் இழப்பையும் சேர்த்து, பரப்பளவுக்கு ஏற்ப எடைபோட்டபோது, அலுவலகங்களில் அந்தச் சேமிப்பு காணாமல் போனது.

மாற்று நம்மிடமே இருக்கிறது. மத்திய அரசின் ஆற்றல் திறன் செயலகம் 2009 முதல் வணிகக் கட்டடங்களுக்குத் தரும் நட்சத்திரம், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் உண்மையில் செலவானது என்பதை வைத்தே அமைகிறது. குடியிருப்புகளுக்கு 2018இல் வந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற கட்டட விதித்தொகுப்பு, நம்முடையதைப் போன்ற வெப்பப் பகுதிகளில் கூரை நீங்கலான வெளிப்புறத்தின் வழியே நுழையும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என வரம்பு வைத்தது. பசுமைச் சான்றும் குடியேறிய பின் வரும் மின், தண்ணீர்க் கணக்கைப் பார்த்தே புதுப்பிக்கப்பட வேண்டும்.

அதுவரை, வீடு வாங்குவோர் பிளாட்டினமா தங்கமா என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். அது முன்சான்றா இறுதிச் சான்றா என்று கேளுங்கள். அதே நிறுவனம் முன்பு கட்டிய குடியிருப்பில் வசிப்பவர்களிடம் ஒரு கோடைக்கால மின் கட்டண ரசீதையும் கேட்டுப் பாருங்கள்.