கறுப்பு உடையும் கோத் இசையும்

'கோத்திக்' என்னும் சொல் நமக்குப் புதிதன்று. 1896-இல் இன்றைய வடிவில் எழுந்த சாந்தோம் பேராலயத்தின் கூர்முனை வளைவுகளைக் கண்டோர் அதனைக் கட்டடக் கலையின் பெயராக அறிவர். ஆனால் அது வசைச்சொல்லாகவே பிறந்தது. உரோமைப் பேரரசைத் தாக்கிய கோத் இனத்தாரின் பெயரை, இடைக்கால ஆலயங்களை இகழ விரும்பிய மறுமலர்ச்சிக் கால இத்தாலியர் அவற்றின்மேல் சூட்டினர். பின்னர், 1764-இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை' தொடங்கி, பாழடைந்த மாளிகைகளில் ஆவிகள் உலவும் கதைகளுக்கும் அதுவே பெயராயிற்று. அக்கதைகளின் நிழல் படிந்தே, 1970-களின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றிய ஓர் இசைக்கும் அது வந்து சேர்ந்தது.

கறுப்பு உடுத்தி, கண்ணுக்கு மை தீட்டியவரெல்லாம் 'கோத்' எனப்படுகின்றனர். அவர்கள் கேட்பது சாத்தானின் இசை என்று தீர்ப்பிடுவோரும் நம்மில் உளர். இவ்வகைத் தீர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும்? 1999-இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் கொலை புரிந்த இருவரையும் செய்தித்தாள்கள் கோத் என்று எழுதின. அவர்கள் அவ்வாறல்லர் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பேக்கப் என்னும் ஊரில், சோஃபி லங்காஸ்டர் என்ற இருபது வயதுப் பெண், அவளது தோற்றத்தின் பொருட்டே இளைஞர் சிலரால் பூங்கா ஒன்றில் மிதிக்கப்பட்டு, சில நாள்களில் உயிர்நீத்தாள். ஆகவே கோத் இசை இன்னதெனத் தெளிதல் இசைவாணர்க்கு மட்டும் உரிய வேலையன்று.

உடையை விட்டுவிட்டு ஒலியைக் கேட்போம். நார்த்தாம்ப்டன் நகரின் பௌஹவுஸ் குழு 1979-இல் வெளியிட்ட 'பேலா லுகோசிஸ் டெட்' என்னும் பாடலைப் பலரும் தொடக்கமாகக் கொள்வர். 1931-இல் திரையில் டிராகுலாவாகத் தோன்றி, 1956-இல் மறைந்த நடிகரே அதன் பொருள். ஒன்பது நிமிடத்திற்கு மேல் நீளும் அப்பாடலில் முதல் இரண்டு நிமிடம் கடந்தும் மனிதக் குரல் வருவதில்லை. மரத்தைத் தட்டுவது போன்ற மெல்லிய தாளம். படிப்படியாக இறங்கும் பேஸ் கிதாரின் ஒரு சில சுரங்கள். அவற்றின்மேல் எதிரொலியாய்ச் சிதறும் கிதார்க் கீறல்கள். ராக் இசையில் கிதாரே முன்னிற்கும். இங்கோ பேஸ் பண்ணைச் சுமக்க, கிதார் பின்னே சென்று சூழலைப் படைக்கிறது. தாழ்ந்த குரலும், விடாது திரும்பி வரும் தாளமும், இறப்பையும் இழப்பையும் ஐயத்தையும் சுற்றிச் சுழலும் சொற்களும் இவற்றோடு சேரும்போது அதனைக் கோத் என்கிறோம். பங்க் இசையின் சினம் உள்முகமாகத் திரும்பியதன் விளைவு இது.

இவ்விசையின் சிறந்த பக்கத்தை அறிய விரும்புவோர்க்கு, 1981-இல் தி கியூர் குழு வெளியிட்ட 'ஃபெய்த்' என்னும் இசைத்தொகுப்பைச் சுட்டுவோம். பெயரின் பொருளே 'விசுவாசம்'. பாடகர் ராபர்ட் ஸ்மித் கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர். அட்டையில் மூடுபனிக்குள் மங்கித் தெரிவது யார்க்ஷயரில் உள்ள போல்டன் மடத்தின் இடிபாடு; எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களை ஒழித்தபோது மூடப்பட்ட அகுஸ்தினார் சபை மடம் அது. தொகுப்பின் இசையும் அவ்விடிபாடு போன்றதே. விசுவாசிக்க இயலாதவனின் ஏக்கம் அதில் உண்டு. விசுவாசத்தைப் பழிக்கும் ஏளனம் இல்லை. ஒளியின்றியே முடியும் 88-ஆம் திருப்பாடலைத் திருநூலில் வைத்துப் போற்றும் நாம் இக்குரலுக்குச் செவிகொடுக்க அஞ்ச வேண்டியதில்லை.

எல்லாக் கிளைகளையும் இவ்வாறு பாராட்ட இயலாது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 'டெத்ராக்' என்ற பெயரில் வளர்ந்த கிளையின் முதன்மைக் குழுவாகிய கிறிஸ்டியன் டெத், 1982-இல் வெளியிட்ட முதல் தொகுப்பிலேயே திருச்சின்னங்களை இழிவுபடுத்தி அதிர்ச்சி விளைவித்தது. அதிர்ச்சி ஒருமுறைதான் வேலை செய்யும். மறுமுறை கேட்கையில் மிஞ்சுவது நாடகமே. லீட்ஸ் நகரின் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவைப் பெயரைக் கண்டு வெறுக்க வேண்டா. 1831-இல் டப்ளினில் அன்னை கேத்தரின் மெக்காலி நிறுவிய கன்னியர் சபையின் பெயர் அது; ஆனால் லெனர்ட் கோஹனின் பாடல் வழியே குழுவுக்கு வந்தது. முரசறைபவருக்குப் பதிலாக ஓர் இயந்திரத்தை வைத்து, அதற்கு 'டாக்டர் அவலாஞ்ச்' என்று பெயரும் சூட்டிய இக்குழுவின் தலைவர் ஆண்ட்ரூ எல்ட்ரிச், தம்மைக் கோத் என்று அழைப்பதை இன்றளவும் ஏற்பதில்லை! மின்னிசைக் கருவிகள் ஓங்கும் 'டார்க்வேவ்' ஜெர்மனியில் வேரூன்றிற்று. 1992 முதல் லைப்சிக் நகரில் நடந்துவரும் கோத் விழா, பெந்தெகொஸ்து நாள்களிலேயே கூடுகிறது. பாரடைஸ் லாஸ்ட் குழு 1991-இல் தன் தொகுப்புக்குக் 'கோத்திக்' என்றே பெயரிட்டாலும், அது மெட்டல் இசையின் பிள்ளை. பேரொலிக் கிதாரே அங்கு ஆட்சி செய்கிறது.

'எதீரியல்' எனப்படும் கிளையே நம் காதுக்கு மிக நெருக்கமானது. டெட் கேன் டான்ஸ் என்னும் ஆஸ்திரேலியக் குழு 1990-இல் வெளியிட்ட 'ஏயான்' தொகுப்பில், லிசா ஜெரார்டு 'சிபில்லாவின் பாடல்' என்னும் பழைய கட்டலான் பாடலைப் பாடுகிறார். இறுதித் தீர்ப்பைப் பாடும் அப்பாடல், மயோர்க்கா தீவின் ஆலயங்களில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய இரவில் இன்றும் ஒலிக்கிறது; 2010-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. கோத் இளைஞர் பலர் அதனை முதலில் கேட்டது அந்த இசைத்தட்டில்தான்.